டாக்டர் வசந்தகுமாரி வைத்த நிபந்தனை

அறுவை நடக்கும்போது மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் நோயாளியின் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது. மான்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர் வசந்தகுமாரிக்கு அதுதான் வேலை. பகலெல்லாம் அசையாமல் இருந்ததற்கு மாலையில் கால்கள் பழி வாங்கும். வீட்டில் மேசையைச் சுற்றி நடந்துகொண்டேதான் காபி குடிப்பார். கணவர் மணிவாசகம் விமானத் தொழிற்சாலையில் என்ஜினியர். 1968இல் இருவரும் திருச்சியிலிருந்து கனடா வந்து, நகரின் லாசால் பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினார்கள். வந்த முதல் குளிர்காலத்திலேயே வசந்தகுமாரி ஊர் நடுவில் இருக்கும் மலையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வு நாளில் பனி கொட்டினாலும் அதில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

அங்கே பழக்கமானவர்தான் டன்கன். மலையேற்றச் சங்கம் ஒன்றின் தலைவர். 1974இல் சங்கம் நேபாளத்துக்குப் போகத் திட்டமிட்டபோது, கூட வர ஒரு டாக்டர் வேண்டும் என்று வசந்தகுமாரியைக் கேட்டார்.

"ஊருக்குப் போக வேண்டிய லீவுல மலைக்குப் போறியா?" என்றார் மணிவாசகம்.

"ஊருக்குப் போனா ஒவ்வொரு வீட்லயும் உட்கார வெச்சு சாப்பாடு போடுவாங்க. ஒரு மாசம் என்னால அப்படி இருக்க முடியாதுங்க."

அவர் சிரித்துவிட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

நேபாளத்தில் முதல் வாரம் சந்தோஷமாகவே போனது. உயரம் கூடக் கூட வசந்தகுமாரியின் கண் மலையை விட்டுச் சுமைகாரர்கள் பக்கம் போனது. சங்கத்துக்காரர்கள் இறகு அடைத்த கோட்டுக்குள் இருந்தார்கள். அவர்களுடைய கூடாரத்தையும் உணவையும் நெற்றிப் பட்டையில் தொங்கும் கூடையில் சுமந்து வந்தவர்களுக்குக் கான்வாஸ் ஷூ, சிலருக்கு வெறும் ரப்பர் செருப்பு. இரவில் அவர்கள் பாறை மறைவில் ஆளுக்கு ஒரு கம்பளியோடு சுருண்டுகொண்டார்கள். டன்கனிடம் கேட்டபோது, "அது சர்தாரின் பொறுப்பு. அவர்களுக்கு இது பழக்கம்தான்" என்றார். சுமைகாரர்களைக் கூலிக்கு அமர்த்திக் கூட்டி வருபவன்தான் சர்தார்.

கணவாயைக் கடப்பதற்கு முந்தைய நாள் ஹர்க்க ராய் என்ற சுமைகாரன் இருமிக்கொண்டே பின்தங்கினான். முகாமுக்கு வந்து சேர்ந்ததும் வசந்தகுமாரி அவனைத் தேடினார். காணவில்லை. தில்லி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது கற்ற இந்தியில் சர்தாரிடம் விசாரித்தார். சுமையை வேறொருவனுக்கு மாற்றிவிட்டு, கூலியைக் கொடுத்துக் கீழே அனுப்பிவிட்டதாக அவன் சொன்னான். தனியாக. பனி விழத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கு நாம் கணவாயைக் கடந்தாக வேண்டும். உங்கள் பொறுப்பு நம் ஆட்கள்தான்" என்றார் டன்கன்.

விடிந்ததும் வசந்தகுமாரி ஒரு சுமைகாரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்த வழியே இறங்கினார். மாடு மேய்ப்பவர்கள் விட்டுப் போன ஒரு குடிசையில் ஹர்க்க கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். இருவருமாக அவனைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். இறங்க இறங்க மூச்சு சீரானது. ஆனால் இடது காலின் விரல்கள் குளிரில் கறுத்துச் செத்துப்போயிருந்தன. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்தார்கள்.

மான்ட்ரியால் திரும்பிய வசந்தகுமாரிக்கு எதிலும் மனம் பொருந்தவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பார். போனை எடுத்து டன்கனின் எண்ணைச் சுழற்றுவார், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவார்.

பிப்ரவரியில், பல்கலைக்கழக அரங்கு ஒன்றில் சங்கம் தன் பயணப் படங்களை ஸ்லைடு போட்டுக் காட்டியது. அரங்கு நிறைந்திருந்தது. ஒரு படத்தில் மரப்பாலத்தின் நடுவே, தன்னைவிடப் பெரிய சுமையோடு ஹர்க்க நின்றான்.

"இவர்களுக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது" என்றார் டன்கன். அரங்கு சிரித்தது, கைதட்டியது.

வசந்தகுமாரி எழுந்தார். மணிவாசகம் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"அந்த மனிதர் பெயர் ஹர்க்க ராய். நுரையீரலில் நீரோடு அவரைத் தனியாகக் கீழே அனுப்பினோம். இப்போது அவருடைய இடது காலில் விரல்கள் இல்லை."

சிரிப்பு நின்றது. "அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத்தான் அனுப்பினோம், டாக்டர்" என்றார் டன்கன்.

"துணைக்கு ஒரு ஆளைக் கொடுத்தோமா?"

டன்கன் அடுத்த படத்தைப் போட்டார்.

காரில் மணிவாசகம் சொன்னார்: "நீ கேட்டது சரிதான். எல்லாரும் கைதட்டிட்டு இருக்கும்போதுதான் கேக்கணுமா?"

"வேற எப்பங்க கேக்கறது? லைட்டைப் போட்டா எல்லாரும் கிளம்பிடுவாங்க."

அதற்குப் பிறகு சங்கம் அவரைக் கூப்பிடவில்லை. மலையில் எதிரே வருபவர்கள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று அரங்கில் இருந்த லூசி என்ற இளம்பெண் மறுவருஷம் மருத்துவமனை கேன்டீனுக்கு அவரைத் தேடி வந்தாள். சென் தெனி தெருவில் மலைப்பயணங்களுக்கு ஆள் சேர்க்கும் ஒரு சிறு கம்பெனி தொடங்கியிருந்தாள். கிளம்புமுன் வாடிக்கையாளர்களின் உடம்பைப் பரிசோதித்துத் தர முடியுமா என்று கேட்டாள்.

"ஏறுகிறவர்களை நான் பார்க்கிறேன். சுமக்கிறவர்களை யார் பார்ப்பது?"

லூசி விழித்தாள்.

"நான் கூட வருகிறேன், சம்பளம் வேண்டாம். சுமக்கிறவர்களையும் நானே பரிசோதிப்பேன், தேறாதவர் மேலே வரக் கூடாது. பனி இருக்கும் உயரத்துக்கு வரும் ஒவ்வொரு சுமைகாரருக்கும் ஷூ, கோட்டு. படுக்க ஒரு கூடாரம். உடம்பு சரியில்லாதவர் தனியாக இறங்கக் கூடாது."

"விலை ஏறிவிடும். பயணிகள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள்."

"சிலர் போவார்கள்."

துணை ஆளுக்கு லூசி உடனே சம்மதித்தாள். கூடாரத்துக்குத்தான் ஒரு மாதம் போனில் சண்டை. ஒருமுறை பிரெஞ்சில் ஏதோ திட்டிவிட்டு போனை வைத்தாள். மறுநாள் அவளே கூப்பிட்டு, பெரிய கூடாரம் ஒன்று மலிவாகக் கிடைத்ததாகச் சொன்னாள்.

கோட்டும் ஷூவும் சேர்க்கும் வேலையை வசந்தகுமாரி எடுத்துக்கொண்டார். குளிர் விட்டதும், பக்கத்து இல்-பிசார் தீவில் இருந்த தோழி பத்மாவின் காரில் தெரிந்த வீடெல்லாம் ஏறி இறங்கினார். கோட்டுகள் யாருக்கும் பொருந்தும். ஷூக்கள் எல்லாம் கனடாக்காரர்களின் அளவு. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காட்மாண்டுவில் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

1976 இலையுதிர்காலத்தில், சுமைகாரர்களை அமர்த்தும் திடலில் ஒவ்வொருவராகப் பரிசோதித்துக்கொண்டு வந்தார். வரிசையில் ஹர்க்க ராய் நின்றான். அவரைப் பார்த்ததும் கைகூப்பிச் சிரித்தான். வசந்தகுமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு அவன் நடப்பதைக் கவனித்தார். இடது காலை ஒருக்களித்து வைத்தான்.

"நீ மேலே வரக் கூடாது, ஹர்க்க. இந்தக் கால் பனி தாங்காது."

அவன் முகம் மாறியது. "அன்னிக்கு என் உசிரைக் காப்பாத்தினீங்க அக்கா. இன்னிக்கு என் வேலையைப் பறிக்கறீங்க. நல்லா இருக்கற காலுக்குத்தான் ஷூ குடுப்பீங்களா?"

வசந்தகுமாரி திடலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நடந்தார். லூசி பக்கத்தில் வந்து, "நீங்கள் வைத்த நிபந்தனைதான், டாக்டர்" என்றாள்.

"ஆமாம். எல்லாக் காலையும் சரிபார்த்தேன். சரியில்லாத காலுக்கு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை."

கடைசியில் வசந்தகுமாரிதான் ஒரு வழி கண்டார். கீழ் முகாமில் சாமான்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த வேலை ஹர்க்கவுக்கு, சுமப்பவனின் அதே கூலியில். சர்தார் முணுமுணுத்தான். லூசி தருவதாகச் சொன்னாள். ஹர்க்கவுக்கும் முழுத் திருப்தி இல்லை.

"காவல் காக்கறது வயசானவங்க வேலை" என்றான். ஆனாலும் பெயர் கொடுத்தான்.

அந்தப் பயணத்தில் கணவாய்க்குக் கீழே ஒரு சுமைகாரனுக்கு மூச்சுத் திணறியது. இரண்டு பேர் அவனை உடனே கீழே கூட்டிப்போனார்கள். வசந்தகுமாரி இறங்கி வந்தபோது அவன் கீழ் முகாமில் உட்கார்ந்திருந்தான். ஹர்க்க அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவர் நாடி பார்க்கக் கை நீட்டியபோது, "மூணு கிண்ணம் குடிச்சிட்டான், இனிமே சாக மாட்டான்" என்றான் ஹர்க்க.

லூசி சொன்னபடியே விலை ஏறியது, பயணிகள் குறைந்தார்கள். 1978 முடிவில் தன் கம்பெனியை அவள் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டாள். ஒருநாள் காலை அவள் போனில் விஷயத்தைச் சொன்னாள். புது முதலாளி துணை ஆளையும் ஹர்க்கவின் வேலையையும் வைத்துக்கொண்டார், கூடாரத்தை எடுத்துவிட்டார்.

வசந்தகுமாரி அடுப்பை அணைத்தார். அந்த வருஷம்தான் லாசால் பக்கம் வந்திருந்த மெட்ரோவைப் பிடித்து டவுன்டவுன் போனார். முதலாளி ஏதோ கூட்டத்தில் இருந்தார். வெளியே வரும்வரை காத்திருந்து, கூடாரம் இல்லாவிட்டால் அவருடைய பயணிகளை இனிமேல் யார் பரிசோதிக்கப் போகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த பருவத்தில் கூடாரம் திரும்ப வந்தது. ஷூ பாதிப் பேருக்குத்தான் வந்தது. அதைக் கேட்க வசந்தகுமாரி மறுபடியும் போனார்.