மூன்றாம் தட்டுக்கு அடியில்

கட்டடங்கள் நில அதிர்வில் எப்படி ஆடும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கும் நான், நான் படுத்துறங்கும் வீட்டின் அடியில் என்ன மண் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் வரைபடங்களில் ஒவ்வொரு தூணின் காலிலும் ஒரு சிறு கோடு இருக்கும், அதற்குக் கீழே நாலைந்து சரிந்த கீறல்கள். இதற்குக் கீழே உலகம் அசையாது என்பது அதன் பொருள். கணினி மறுபேச்சில்லாமல் நம்பியது. நானும் நம்பினேன்.

வீடு என்னுடையதல்ல. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குத்தான் போவான். மகளுக்கு வீடு கொடுப்பது தகப்பனின் கடமை. மாமாவுக்கு மூன்று பெண்கள், உள்துறைமுகத்தை ஒட்டி ஒரே ஒரு காணித்துண்டு. ஆகவே மூத்தவளான என் மனைவிக்குக் கீழ்த்தளம், நடுவிலாளுக்கு மேல்மாடி, கடைக்குட்டிக்கு அதற்கும் மேல். மொட்டைமாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் இந்த ஊரில் யாரும் வேலை பாதியில் நின்றுவிட்டது என்று நினைக்கமாட்டார்கள். இன்னும் ஒரு மகள் இருக்கிறாள் என்று விளங்கிக்கொள்வார்கள்.

கடைக்குட்டிக்கு மாப்பிள்ளை பொருந்தியதும் மாமா கேட்டார்: "மருமகன், மேல ஒரு தட்டுப் போடலாந்தானே?" நான் இறைச்சிக் கறியோடு சோறு தின்றுகொண்டிருந்தேன். வாய் நிறைந்திருந்ததால் தலையை ஆட்டினேன். பிறகு முறையாகக் கணக்கும் போட்டேன், அதே கீறல்களோடு. படத்தில் கையெழுத்தும் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விரிவுரையாளர் பெண்மணி, சாப்பாட்டு மேசையில் தளதளவென்றிருந்த வட்டிலப்ப இனிப்பில் ஒரு வேஃபர் பிஸ்கற்றைக் குத்தி நிறுத்தித் தட்டை அசைத்தார். "கட்டடம் தனிய ஆடாது, மண்ணும் சேந்துதான் ஆடும். மண் இளகலெண்டால் கட்டடம் ஆறுதலா, மெல்லமாச் சாஞ்சு சாஞ்சு ஆடும். ரெண்டின்ரை தாளமும் ஒண்டாப் போச்சுதெண்டால், பாருங்கோ." பிஸ்கற் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் வட்டிலப்பத்தைத் தள்ளி வைத்தேன். எங்கள் காணி ஒருகாலத்தில் தோணா. மழைவெள்ளம் கடலுக்குப் போகும் வாய்க்காலைக் கிரவல் மண்ணும் குப்பையும் கொட்டி நிரப்பிய நிலம் அது.

வீட்டுக்கு வந்து கீறல்களை அழித்தேன். தூண்களின் கீழே மண்ணுக்குப் பதிலாக வில்சுருள்களை வைத்துக் கணக்கை ஓட்டினேன். இரண்டு தட்டுகளோடு தப்பிக்கொண்டது. மூன்றாவதை ஏற்றியதும் கட்டடத்தின் ஆட்டம் மெதுவாகி, மண்ணின் ஆட்டத்தோடு போய்க் கைகோத்துக்கொண்டது. திரையில் கீழ்த்தளத் தூண்கள், தாங்காது என்று சிவந்தன. அவற்றில் ஒன்றில்தான் என் கதிரையைச் சாய்த்துவைத்திருந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாமெண்டா சனம் என்ன கதைக்கும் தெரியுமா? கீழ் ஊட்டுக்காரன் தன்ட தலைக்கு மேல மச்சினி வாறது பிடிக்காம கலியாணத்தக் குழப்பிட்டான் எண்டு கதைக்கும்."

"உண்மை அதில்லையே."

"உண்மைய ஆரு கேட்டா?"

ஒருவரும் கேட்கவில்லைதான். சொன்னால் வீடு இல்லை, வீடு இல்லையென்றால் மச்சினிக்குக் கலியாணம் இல்லை. சொல்லாவிட்டால் மூன்று குடும்பத்தின் பாரமும் என் கையெழுத்தின் மேல். எழுந்து எங்கேயாவது போய்விடலாமென்றால், மனைவி வீட்டிலிருந்து ஓர் ஆண் பெட்டியோடு வெளியேறுவதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான், அது தலாக். இதற்குள் கம்பி கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். மேலே சுத்தியல் விழும்போதெல்லாம் நான் கீழே தூணைப் பார்த்தேன். படிக்க எடுத்த புத்தகங்கள் எல்லாம் ஒரே பக்கத்திலேயே நின்றன.

கடைசியில் மாமாவைத் தேடி மொட்டைமாடிக்கு ஏறினேன். கம்பிகளுக்கு நடுவே நின்றபோது ஏற்கெனவே கூண்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

"மாமா, இந்த நிலம் ஆடினா ஊடு தாங்காது."

"நிலம் ஆடினா ஊரே ஆடும் மருமகன். நம்மட ஊடு மட்டும் என்ன பாவம் செஞ்ச?"

"ஓர்ஸ் ஹில் குன்று ஆடுறது வேற, இது ஆடுறது வேற. அது பாறை. நான் இதையும் பாறையெண்டு நினைச்சுத்தான் கணக்குப் போட்டேன்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாறையா? பொண்ணு பாக்க வந்த அண்டைக்கு இந்த வளவுச் சேத்துலதானே உங்கட சப்பாத்து புதைஞ்ச? மூணு பேர் இழுத்தல்லவா எடுத்த!"

துறைமுகப் பக்கம் திரும்பிய மாமா, "நான் வாக்குக் குடுத்திட்டன். வசனம் வேணா, வழி சொல்லுங்க" என்றார்.

வழி இருந்தது. தனித்தனியாக நிற்கும் தூண்களின் அடிகளையெல்லாம் தோண்டி, ஒரே கொங்கிரீட் பாயாகக் கட்டவேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு பக்கமும் தடித்த கொங்கிரீட் சுவர் எழுப்பி வீட்டை விறைப்பாக்கவேண்டும்.

"ஆருட தரைய உடைக்கிற?"

"என்டதான்."

மாமா முதல்தடவையாகச் சிரித்தார். "அப்ப உண்மையாத்தான் இருக்கும்."

அந்த மழைக்காலம் முழுக்கக் குழிகளுக்கு மேல் போட்ட பலகைகளில் நடந்து படுக்கைக்குப் போனோம். தடித்த சுவர்களில் ஒன்று என் வாசிப்பறைக்குள் வந்தது. கடல்காற்று வந்த ஒரே ஜன்னலை மூடிக்கொண்டு எழும்பியது. கணக்கை மறுபடி ஓட்டினேன், தூண்கள் சிவக்கவில்லை. மேலே தட்டுப் போட்டார்கள், கலியாணமும் நடந்தது.

விருந்துக்கு மறுநாள், என்னை அண்ணன் முறைக்கு 'நானா' என்று கூப்பிடும் புதுமாப்பிள்ளை கீழே வந்தார். என் அறையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்தார், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், நான்கு சுவர்களையும் சுற்றிப் பார்த்தார்.

"என்ன நானா, நீங்க எஞ்சினியர்தானே? ஒரு ஜன்னலாவது வெச்சுக் கட்டியிருக்கலாமே!"