மேற்குக் கடற்கரையில் கிழக்கு பார்த்த மணவறை

திருச்சி விமான நிலையத்தில் என் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தட்டில் வைத்தார்கள். கரண்டு வருகிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த ஸ்க்ரூடிரைவர்தான். கறம்பக்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். காலையில் சட்டையை மாட்டினால் டெஸ்டரும் தானாகப் பைக்குள் ஏறிவிடும். "இது எதுக்குங்க?" என்றார் காவலர். "கரண்டு இருக்கான்னு பாக்க, சார்" என்றேன். "ப்ளேன்லயா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் நிவேதா, யாரோ எவரோ என்பது போல அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். நூற்றிருபது ரூபாய் டெஸ்டர் அங்கேயே போயிற்று.

இது நடந்தது போன தை மாதம். நிவேதாவுக்கு வருகிற தையில் கல்யாணம். அதைக் கடற்கரையில், அதுவும் இலங்கையில் வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். இடம் பார்க்க நான்கு பேர் கிளம்பினோம்: நான், மனைவி மல்லிகா, நிவேதா, அவளோடு கல்லூரியில் படித்து இப்போது புதுக்கோட்டையில் கல்யாணப் படம் எடுக்கிற அருள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வருடம் முன்னாலேயே எதற்கு என்று கேட்டேன். "அதே மாசம், அதே நேரத்துல போயிப் பாத்தாத்தான் வெயில் எங்கிட்டுருந்து விழுதுன்னு தெரியும்ப்பா" என்றான் அருள். என்னை அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான்.

நான் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடல்தான் வேண்டுமென்றால் நம் மாவட்டத்திலேயே மணமேல்குடி இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் காரில் ஏற்றி அங்கே கூட்டிப்போனேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல். கரையில் நின்று, "இதைவிட என்ன கடல் வேணும்?" என்று கையை விரித்தேன். அருள் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால் ஆழத்தில் நின்று திரும்பி, "அப்பா, பொண்ணு மாப்ள கிழக்க பாத்துத்தான உக்காரணும்? நம்ம கடலும் கிழக்கதான இருக்கு? அவங்க மூஞ்சியப் படம் புடிக்கணும்னா நான் இங்கிட்டுத்தான் நிக்கணும்!" என்று கத்தினான். கரையில் நின்று எடுத்தால் படத்தில் முதுகுதான் விழும், இல்லையென்றால் கடல் வராது. இத்தனை கல்யாணத்துக்கு மணவறையில் சீரியல் பல்பு கட்டியிருக்கிறேன், இது எனக்கு உறைக்கவே இல்லை.

மேற்குக் கரை என்றால் கணக்கு சரியாகிவிடும். கிழக்கு பார்த்து உட்கார்ந்தால் காலை வெயில் முகத்தில் விழும், கடல் முதுகுக்குப் பின்னால் நீலமாக இருக்கும். "அப்ப கேரளா போவோம், பாஸ்போர்ட்டாவது மிச்சம்" என்றேன். நிவேதா, "அங்கன்னா மூணு பஸ் புடிச்சு எல்லாரும் வந்துருவாங்கப்பா" என்றாள். மகள் நாலு எழுத்துப் படித்ததும் சொந்தக்காரர்களை வேண்டாம் என்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான்.

பயணத்துக்கு வருகிறேன். கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் தொண்ணூறு கிலோமீட்டர், காருக்கு மூவாயிரம் ரூபாய். கொழும்புக்குப் போக வர ஆளுக்குப் பதினான்காயிரம் ஆனது. பறக்கிற நேரம் ஒரு மணிதான். கறம்பக்குடியிலிருந்து திருச்சிக்கு வர அதைவிட அதிக நேரமாகிவிட்டது. விசாவை நிவேதா முன்பே இணையத்தில் வாங்கியிருந்தாள். அதன் கட்டணம் அடிக்கடி மாறுவதால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு விமான நிலையத்திலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் பெந்தோட்டை நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வேனுக்கு அவர்கள் காசில் இருபத்திரண்டாயிரம், நம் காசில் ஆறாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டுநர் கணேசன் மலையகத் தமிழர். வழி முழுக்க ஹார்ன் சத்தமே இல்லை. "ஹார்ன் ரிப்பேருங்களா? வேணா நான் பாத்துத் தரேன்" என்றேன். "நல்லாத்தான் இருக்கு ஐயா. சும்மா அடிச்சா இங்க கோவிச்சுக்குவாங்க" என்றார். எங்கள் ஊரில் அடிக்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

கடலோரத்தில் நடுத்தரமான ஓட்டல். அறைக்கு ஒரு நாளைக்கு நம் காசில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய், காலைச் சாப்பாடு சேர்த்து. தென்னை மரங்களைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல். அவ்வளவுதான் தூரம்.

அன்று சாயங்காலம் மல்லிகா குளிக்கப் போயிருந்தபோது நிவேதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்த இடத்தில் மல்லிகாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிவேதா இரண்டாம் வகுப்பு படிக்கும்போது மல்லிகாவுக்கு வெண்புள்ளி வந்தது. முதலில் விரல் நுனியில், பிறகு உதட்டோரம், கண்ணைச் சுற்றி. அது ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் சொன்னது எங்களுக்குப் புரிந்தது, ஊருக்குப் புரியவில்லை. ஒரு கல்யாணத்தில் குங்குமத் தட்டு இவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போனது. அதிலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், போட்டோவுக்குக் கூப்பிடும் நேரத்தில் "நான் பந்தியப் பாக்குறேன்" என்று எழுந்து போய்விடுவாள். யாராவது செல்போனில் எடுத்துவிட்டால் அழிக்கச் சொல்லி, அழித்ததை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். அதன் பிறகு ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எடுத்ததைத் தவிர அவளுக்கு வேறு படமே கிடையாது. மகளும் அவளும் சேர்ந்து நிற்கிற படம் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது.

நிவேதா சொன்னாள்: "அப்பா, என் கல்யாணத்துலயும் அம்மா பந்தியப் பாக்கப் போயிரக் கூடாது. இங்க முப்பது பேருதான். பந்தியப் பாக்க ஓட்டல்காரங்க இருக்காங்க. அம்மாவப் பாத்து மொணமொணங்குற ஆளு ஒருத்தரும் இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, ஏத்தா?" என்றேன்.

"சொன்னா நீங்க அம்மாட்ட ஒளறிருவீங்க. எனக்காகவா இவ்வளவு செலவுன்னு அம்மா வரவே மாட்டாங்க."

அது உண்மைதான். இங்கே எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். மல்லிகா என் எழுத்தைப் படிப்பதில்லை. நான் பேசுவதைக் கேட்பதே போதும் என்பாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அருள் இரண்டு நாற்காலிகளை மணலில் கிழக்கு பார்த்துப் போட்டான். முகூர்த்த நேரத்து வெயில் எப்படி விழுகிறது என்று பார்க்க, பொண்ணு மாப்பிள்ளை இடத்தில் இரண்டு ஆள் உட்கார வேண்டுமாம். "அம்மா, அப்பா, ரெண்டு பேரும் வந்து உக்காருங்க" என்றான்.

"என்னைய எதுக்குப்பா? கல்யாணப் பொண்ணு அந்தா நிக்கிறா, அவள உக்கார வையி" என்றாள் மல்லிகா.

"நான் இங்கிட்டு நின்னு பாக்கணும்மா. பூ எங்கிட்டு வைக்கிறது, பந்தல் எங்கிட்டுப் போடுறதுன்னு தெரிய வேணாமா?" என்றாள் நிவேதா.

"மூஞ்சியெல்லாம் எடுக்க மாட்டீல்ல?"

அருள் கேமராவைத் துடைத்தபடியே, "வெளிச்சந்தாம்மா பாக்குறோம்" என்றான். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். நான் வேட்டியைச் சரி பண்ணுவது போலக் குனிந்துகொண்டேன். உட்கார்ந்தாள், ஆனால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. நான் அதைவிட மோசம், விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, கரண்டு ஆபீஸ்ல மனு குடுக்க வந்த மாதிரி இருக்கீங்க. அம்மாட்ட ஏதாச்சும் பேசுங்க" என்றான் அருள்.

"என்ன பேசுறது?" என்று அவளிடமே கேட்டேன்.

"வீட்டுல மட்டும் வாய் ஓயாது. காலையில திங்கக் குடுத்தது என்ன, அதச் சொல்லுங்க."

"பால்சோறு. நம்மூர் பொங்கல்ல பருப்பையும் மிளகையும் மறந்துட்டாங்க போல."

அவள் லேசாகத் தலையைத் தூக்கினாள். அப்போதுதான் அந்த அலை வந்தது. நாங்கள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம் இல்லையா, எங்களுக்கு எப்படித் தெரியும்? எதிரே நின்ற அருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் படுபாவி சொல்லவில்லை. திடீரென்று இடுப்பு வரை நனைந்தோம். என் நாற்காலி மணலில் புதைந்து சாய்ந்தது. ஒரு செருப்பு கடலோடு போனது. மல்லிகா "ஆத்தாடி!" என்று அலறி என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விழாமல் பாதியில் தொங்குவதைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்தவில்லை, முந்தானையால் முகத்தை மறைக்கவில்லை. வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. கேமரா சத்தம் எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை.

சேலை மாற்றிவிட்டு ஓட்டலின் சாப்பாட்டு அறைக்கு வந்த மல்லிகா அருளிடம், "எடுத்திருப்பியே, காட்டு" என்றாள். அருள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தான். திரை நிறைய அவள் முகம். கண்ணைச் சுற்றிய வெள்ளை, உதட்டோரத்து வெள்ளை, எல்லாம் அப்படியே இருந்தது, அவன் எதையும் மறைக்கவில்லை. பின்னால் நீலக் கடல், ஓரத்தில் அவள் கையைப் பிடித்துத் தொங்கும் நான். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். நிவேதா தன் டீ டம்ளரை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

"அழிச்சிரட்டுமாம்மா?" என்றான் அருள்.

"எதுக்கு? இவரு தொங்குறதப் பாரு, கெணத்துல மோட்டார் எறக்குன மாதிரி. இருக்கட்டும்." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, அன்னிக்கு மணவறைக்குக் கீழ நல்லா ஒசத்திப் பலகை போடச் சொல்லு, பட்டுச்சேல நனைஞ்சிரப் போகுது. அப்பறம், தாலி கட்டையில நாங்க எங்கிட்டு நிக்கணும்? வெயிலு எங்க மூஞ்சிலயும் விழணும்ல?"

நிவேதா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அருள்தான், "இந்தப் பக்கம்மா" என்று திரையில் கைவைத்துக் காட்டினான்.

இதே மாதிரி கிளம்ப நினைப்பவர்களுக்கு நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன். முகூர்த்தம் காலையில் என்றால் மேற்குக் கரையைப் பாருங்கள், அலை எதுவரை ஏறும் என்று ஓட்டல்காரர்களிடம் கேளுங்கள். அந்தப் பக்கம் மழையில்லாத மாதம் மார்கழியிலிருந்து மாசி வரை என்றார் கணேசன். கல்யாணத்தை நம் ஊரிலேயே பதிவு செய்துவிட்டுச் சடங்கை மட்டும் அங்கே வைப்பது சுலபம். ட்ரோன் பறக்கவிட அனுமதி வேண்டும், முன்பே கேட்டு வையுங்கள். படம் எடுக்கும் ஆளை இங்கிருந்தே கூட்டிப்போனால் செலவு கூடும்தான். ஆனால் உங்கள் வீட்டு ஆட்களைத் தெரிந்தவர் எடுக்கிற படம் வேறு. திரும்பி வந்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வரவேற்பு உண்டு என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் என்னைப் போலக் கடை வாசலில் நாள்தோறும் ஏச்சு வாங்குவீர்கள்.

திரும்பி வரும்போது மல்லிகாவுக்கு ஜன்னல் சீட். விமானம் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தபடியே கேட்டாள். "ஏங்க, இவ்வளவு தூரம் வந்துதான் கட்டுவேன்னு இவ ஏன் நிக்கிறா? ஒங்களுக்காச்சும் தெரியுமா?"

"கிழக்க பாத்து உக்காந்தா கடல் பின்னாடி வருதுல்ல, அதுக்குத்தான்" என்றேன்.

"அதுக்கா? நல்ல கூத்து" என்று சிரித்துவிட்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உனக்காகத்தான் மல்லிகா என்பதை மட்டும் நான் வாய் விட்டுச் சொல்லவில்லை.