அதட்டாத சுவர்

காலை ஷிஃப்டில் ஒரு நோயாளிக்கு ஊசி குத்தி, மெஷினை ஓட விட்டு நிமிர்ந்தபோது போன் வந்தது. சேரன்மகாதேவியிலிருந்து உலகம்மாள் சிஸ்டரின் மகள் பார்வதி. "அக்கா, அம்மா போயிட்டா. தூக்கத்துலயே" என்றாள். படுக்கையில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உலகம்மா சிஸ்டரா?" என்று கேட்டார். தலையசைத்தேன். அவர் ஊசி இல்லாத கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

பாளையங்கோட்டையில் எங்கள் சின்ன மருத்துவமனையின் டயாலிசிஸ் வார்டு, ஓய்வு பெறும்வரை உலகம்மாள் சிஸ்டரின் பொறுப்பில் இருந்தது. வயல் வேலைக்குப் போன பெற்றோரின் மகள். குரல் பெரிது, கை மெல்லியது. அங்கே படுத்தவர்களும், துணைக்கு வந்து வராந்தாவில் காத்திருந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். நீங்கள் பார்த்துப் பழகிய அந்தச் சுவர் எப்படி வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த அறை வெளிறிய பச்சையில் இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பச்சைதான் என்று நாங்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அப்போது சுத்தமல்லியிலிருந்து சுடலைமுத்து என்ற ஆட்டோ ஓட்டுநர் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரந்தோறும் தவறாமல் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும். அவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை.

டியூட்டி முடிந்ததும் சிஸ்டர் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். சுடலைமுத்துவுக்கு முகம் வீங்கியிருந்தது. மூச்சு வாங்கியது. அவர் மனைவி கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா வரல?" என்றார் சிஸ்டர்.

"அங்கன படுத்தா எதுத்தாப்புல இருக்கவங்க மூஞ்சியெல்லாம் பொணம் மாதிரி தெரியுது சிஸ்டர். அவங்களுக்கு நானும் அப்படித்தான தெரிவேன்?"

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "சரிப்பா. இன்னைக்கு மட்டும் வா. உன் கட்டிலச் சன்னல் பக்கமாத் திருப்பிப் போடுதேன். அந்த அறைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்றைக்கே அவரை அழைத்து வந்துவிட்டோம். அன்று வந்திராவிட்டால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

மறுநாள் வார்டு காலியான நேரத்தில் சிஸ்டர் ஒரு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். என்னை எதிர்க் கட்டிலில் படுக்கச் சொன்னார். டியூப்லைட் வெளிச்சம் பச்சைச் சுவரில் பட்டு எங்கள் மேல் விழுந்தது. "ஏட்டி கோமதி, நீயே சீக்காளி மாதிரிதான் இருக்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

டாக்டரிடம் போய் வேறு வண்ணம் அடிக்கலாமா என்று கேட்டார். "பெயிண்ட் அடிச்சா இரத்தத்துல கிரியாட்டினின் உப்பு இறங்குமா சிஸ்டர்?" என்று டாக்டர் கேலி செய்தார். "இறங்காது டாக்டர். ஆனா ஆளு வந்தாத்தான மெஷின்ல போடலாம்?" டாக்டர் காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழம வார்டு கிடையாது. அன்னைக்கு அடிச்சிருங்க" என்றார்.

சிஸ்டர் தேர்ந்தெடுத்தது பளிச்சென்ற மஞ்சள். திங்கட்கிழமை உள்ளே வந்தவர்கள் எல்லோரும், "ஆஹா" என்றார்கள். ஆனால் இரண்டாவது வாரமே சண்டைகள் தொடங்கின. மேற்குச் சன்னல் வழியாக வெயில் இறங்கினால் அறை முழுக்கக் கண் கூசும். ஃபேனுக்குச் சண்டை, டிவிக்குச் சண்டை. ஒருநாள் செண்பகவல்லி என்ற அம்மா சுவரைப் பார்க்க மாட்டாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "கல்யாண வீட்டுல வந்து படுத்த மாதிரி இருக்கு சிஸ்டர். எம்மவன் போயி வருசங்கூடத் திரும்பல" என்றார்.

அன்று சாயங்காலம் சிஸ்டர் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்கவில்லை. "சிரிங்க சிரிங்கன்னு சுவர வச்சு அதட்டிட்டேன்ட்டி" என்றார். "யார்ட்டயும் ஒரு வார்த்த கேக்கல பாத்தியா."

அதன் பிறகு கேட்கத் தொடங்கினார். சின்னச் சின்ன டப்பாக்களில் வண்ணம் வாங்கி, ஒரு மூலையில் பட்டை பட்டையாக அடித்து வைத்தார். ஒவ்வொருவரிடமும் போய், "இதப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கு?" என்பார். திருச்செந்தூர்க்காரர் ஒருவர் கடல் நீலம் வேண்டும் என்றார். மெஷினில் இருக்கும்போது ஏற்கெனவே குளிரெடுக்கிறது, நீலம் வேண்டவே வேண்டாம் என்று இரண்டு பேர் கத்தினார்கள். ஒருவருக்குப் பிடித்தது இன்னொருவருக்கு ஆகவில்லை. கடைசியில் யாரும் முகம் சுளிக்காத ஒன்று மிஞ்சியது. ஆற்றில் தண்ணீர் விலகியதும் தெரிகிற ஈரமணலின் நிறம். டியூப்லைட்டையும் மாற்றி, வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி செய்தார்.

அதோடு எல்லோரும் மகிழ்ச்சியாகிவிட்டார்கள் என்று எழுதினால் சிஸ்டரே என்னைத் திட்டுவார். நோய் நோயாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் சிலரை இழந்தோம். ஆனால் எதிரெதிரே படுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். செண்பகவல்லியம்மா முதல்முறையாக மெஷினில் இருக்கும்போதே தூங்கினார். சுடலைமுத்து ஒருமுறைகூடத் தவறவில்லை. பிறகு தாயின் சிறுநீரகம் பொருத்தி இன்றும் ஆட்டோ ஓட்டுகிறார். போன வாரம் சிஸ்டரின் இறுதிச் சடங்குக்கு எங்களைச் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போனவர் அவர்தான்.

சிஸ்டருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், அவர் வீட்டு அறைக்கும் வண்ணம் அடித்துவிட வேண்டும் என்று பெயிண்ட் டப்பாவோடு போயிருந்தேன். நீலம் கலந்து அடித்த பழைய சுண்ணாம்பு, பாதி உதிர்ந்து திட்டுத் திட்டாக இருந்தது. டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்ட்ட கேட்டியாட்டி? இந்தச் சுவரப் பாத்துத்தான் நர்ஸிங் பரீட்சைக்குப் படிச்சேன். பார்வதி இங்கனதான் தவந்தா. உனக்கு அழுக்காத் தெரியுது. எனக்கு இங்கனதான் தூக்கம் வருது."

டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கடைசிவரை அவர் அந்த அறையில் நன்றாகத் தூங்கினார் என்று பார்வதி சொன்னாள்.

உலகம்மாள் சிஸ்டரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காரும் பழக்கம். நேற்று ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு பெண் முதல் நாளாக வந்திருந்தாள். மெஷினைப் பார்த்து நடுங்கினாள். பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளே மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இந்தச் சன்னல் திரையக் கொஞ்சம் விலக்குதீங்களா? வெளிய யாரு நடமாடுதான்னு பாத்துக்கிட்டே கெடக்கேன்."

எழுந்து விலக்கினேன்.