மச்சினன் நடத்தும் சனிக்கிழமை வகுப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், நான் ஒரு முட்டாள். சந்தேகப்படுகிறவர்களுக்குச் சான்று வைத்திருக்கிறேன். போன ரமலானில் ஒரு சனிக்கிழமை, வெயில் ஜன்னல் வழியாக என் மேசைமேல் சாவகாசமாகப் படுத்திருந்த மதிய வேளையில், நான் பிஸ்மி சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்துவிட்டேன். பசி தாங்காமல் செய்தேன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். பாங்கு கேட்டது, கை தானாகத் தட்டுக்குப் போனது, அவ்வளவுதான். பாங்கு சொன்னது புதுப்பட்டினத்துப் பள்ளிவாசல் மோதினார். நான் இருந்தது ஸ்வீடனில், மால்மோ நகரத்தில், மூன்றாவது மாடியில். இங்கே பொழுது சாய இன்னும் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் ரஹ்மா என் வாயையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். "அத்தா, வெளிய வெயில் அடிக்குது" என்றாள். நான் கொட்டையைத் துப்பினேன். பழம் போய்விட்டிருந்தது.

பாங்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். இணையத்தில் வாய்ஸ் சாட் ரூம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் மைக்கைப் பிடித்தால் உலகம் முழுக்க இருக்கிறவர்கள் கேட்கலாம். பேச வேண்டுமென்றால் கை தூக்கிய படத்தை அழுத்தி முறைக்காகக் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன் அதில் ஓர் அறையைத் திறந்தேன். துபாய், சிங்கப்பூர், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கும் நம் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் தமிழும் தீன் என்கிற மார்க்கக் கல்வியும் சொல்லிக்கொடுப்பது திட்டம். உள்ளே ஒளித்து வைத்திருந்த திட்டம் வேறு. ரஹ்மாவுக்குப் பதினோரு வயது. நான் தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள், அதுவும் பாதி பதில். ஊரே கேட்கும்படி அத்தா பாடம் நடத்தினால் பிள்ளைக்கு என்மேலும் என் பேச்சின்மேலும் ஒரு பிடிப்பு வரும் என்று கணக்குப் போட்டேன்.

வந்தது கொட்டாவி. நபிமார் வரலாற்றை நான் சுத்தமான எழுத்துத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன். "ஆதலால் சிறார்களே" என்று நான் ஆரம்பித்ததும் பாரிஸ்காரப் பையன் ஒருவன் வாராவாரம் அறையைவிட்டு வெளியேறுவான். தொடர்பு அறுந்துவிட்டது என்பான். என் ஆதலாலுக்கும் பிரான்ஸ் தேசத்து டெலிபோன் கம்பிக்கும் என்ன பகை என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

வகுப்பை நிமிர்த்த என் மனைவி ஜீனத்தின் தம்பி நசீரைக் கூப்பிட்டேன். புதுப்பட்டினம் பஸ் நிறுத்தத்தருகே, பள்ளிவாசலை ஒட்டி நெட் சென்டர் வைத்திருப்பவன். தலைமுடிக்கு ஜெல் போட்டே பாதி நாளைக் கழிப்பவன். "நான் வாசிச்சு முடிச்சதும் பிள்ளைங்ககிட்ட கொஞ்சம் பேச்சுக் குடு மாப்ளே" என்றுதான் சொன்னேன். அவன் மைக்கை வாங்கினான், பிறகு திருப்பித் தரவில்லை. "இன்னா பசங்களா, இன்னா துன்னீங்க?" என்று ஆரம்பித்தான். வரிசையில் இருந்த கைகள் எல்லாம் தூக்கிக்கொண்டன. என் வகுப்புக்கு ஒரே ஒரு தடவை கை தூக்கினார்கள், எப்போது முடியும் என்று கேட்பதற்கு. அவன் கடை மைக் வழியாகத்தான் பக்கத்துப் பள்ளிவாசலின் அந்தப் பாங்கும் வந்தது. நான் மதியத்திலேயே நோன்பு திறந்த கதையை அடுத்த வாரம் மோதினார் குரலோடு நடித்துக் காட்டி அவன் மூன்று கண்டங்களைச் சிரிக்க வைத்தான். உளவு சொன்னது என் மகள்.

தொழிற்சாலையில் என்னோடு இயந்திரம் பழுது பார்க்கும் லார்ஷிடம் புலம்பினேன். என் மச்சினன் என் வகுப்பைத் திருடிக்கொண்டான் என்றேன். லார்ஷ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அப்படியானால் போலீசில் சொல்ல வேண்டியதுதானே என்றான். பிறகு யோசித்து, சனிக்கிழமையும் உன் மகள் படிக்கிறாளா, பள்ளியில் என்ன தப்பு செய்தாள் என்று கவலையோடு விசாரித்தான். இந்த நாட்டில் பொறாமையை விளக்கக்கூட எனக்குச் சொல் போதவில்லை.

திருட்டு என்று நான் சொன்னது சும்மா இல்லை. ஒருநாள் நசீர், மீன் விழுங்கிய யூனுஸ் நபியின் கதையை எடுத்தான். "மீன் வயித்துக்குள்ள எப்படி இருந்திருக்கும்? காலையில செங்கல்பட்டு பஸ்ல ஏறிப் பாரு. காத்து கெடயாது, வெளிச்சம் கெடயாது, மீன் கூடை மேல ஒரு காலு, எவனோ காலு மேல ஒரு காலு. எறங்கவும் முடியாது. அந்த இருட்டுல அவரு யாரயாச்சும் திட்டினாரா? இல்ல. இன்னா சொன்னாரு?" பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டி போட்டுக்கொண்டு, மீன் வயிற்றில் அவர் இறைவனிடம் கேட்ட துஆவைச் சொன்னார்கள். ரஹ்மாவும் சொன்னாள், தடுக்காமல்.

எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. அந்த மீன் வயிற்று பஸ் என்னுடையது! தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டுக் கல்லூரிக்குப் போன நாட்களில், படிக்கட்டில் தொங்கியபடி, "மீன் வயித்துல எடம் கீது, உள்ள போங்க" என்று நான் கத்துவேன். கூடைக்காரம்மா முதல் கண்டக்டர்வரை சிரிப்பார்கள். "தே, இவன் வர்லன்னா பஸ்ஸே போரடிக்குது" என்று கல்பாக்கம் ஆஃபீஸ்காரர் ஒருவர் எனக்கு இடம் பிடித்தே வைப்பார். பள்ளிச் சீருடையில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் வந்த பொடியன்தான் நசீர். நான் கப்பலேறியபோது உடுப்பும் ஊறுகாயும் கொண்டுவந்தேன். அந்தப் பேச்சை அவன் வைத்துக்கொண்டான். ஸ்வீடிஷில் நான் நகைச்சுவை சொன்னால் ஆட்கள் மருத்துவரிடம் போனாயா என்று கேட்கிறார்கள்.

அன்று ரஹ்மாவிடம், "அது மாமு ஜோக் இல்லம்மா, அத்தா ஜோக்" என்றேன். அவள் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டாள்: "நீங்க ஜோக்கெல்லாம் சொல்வீங்களா?"

அடுத்த சனிக்கிழமை நசீர் மறுபடி பஸ்ஸை எடுத்ததும் என் விரல் நகர்ந்தது. அறையின் சொந்தக்காரன் ஒருவர் பெயரில் சிவப்புப் புள்ளி வைத்தால் அவர் பேசுவது யாருக்கும் கேட்காது. வைத்தேன். மைக்கைப் பிடித்து, அந்தக் கதையை அசல் உரிமையாளனாக நானே சொன்னேன். வருடக்கணக்கில் பேசாத நாக்கு நடுவழியில் நின்றது. "ஆதலால்" என்று வேறு ஒரு தடவை வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. துபாய்ச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுதினாள்: மாமு எங்க?

அதற்கடுத்த வாரம் என் அறையில் நான் மட்டும் இருந்தேன். கை தூக்கிப் பார்த்தேன், மைக் உடனே கிடைத்தது. வீட்டில் பக்கத்து அறையில் ரஹ்மா ஹெட்ஃபோனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நசீர் தனியாக ஒன்று திறந்துவிட்டான் என்று புரிந்தது. ஜீனத் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "நீங்க அவன் வாய மூடுனீங்க. அவன் வேற கதவத் தொறந்துகினான். இதுல இன்னா அதிசயம்?"

"உன் தம்பிக்குத்தான் நீ பேசுவே."

"நீங்க பேசுனா உங்களுக்கும் பேசுவேன். நீங்கதான் வாசிக்கிறீங்களே."

போயும் போயும் மச்சினன் வீட்டு வாசலில் நிற்பதா என்று கொஞ்ச நேரம் வீம்பு பிடித்தேன். பிறகு அவன் திறந்த அறைக்குள் போனேன். இந்தத் தடவை தாள் எதுவும் கையில் இல்லை. பிள்ளை என்னைக் கேட்கிற இடத்தில் ஒரு தடவையாவது ஊர்க்காரனாகப் பேசிவிட வேண்டும், அதுதான் என் ஆசை. உள்ளே வருகிறவர்கள் சலாம் சொல்லி, ஊர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நசீர் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒருவன் "ஷார்ஜா" என்றான். ஒருத்தி "சிங்கப்பூர், ஜூரோங்" என்றாள். பக்கத்து அறையிலிருந்து சுவர் வழியாக ஒரு தடவையும் ஸ்பீக்கர் வழியாக ஒரு தடவையும் என் மகளின் குரல் வந்தது: "ரஹ்மா, மால்மோ." ஒரு தயக்கமும் இல்லை. சைக்கிளில் போகிற மாதிரி அவ்வளவு லேசாகச் சொன்னாள். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

என் முறை வந்தது. மால்மோ என்று சொல்ல வாய் வரவில்லை. சலாம் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் படிக்கட்டில் நிற்கிற தெம்பை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் எந்த ஊருன்னு உனுக்குத் தெரியாதா மாப்ளே? பக்கா புதுப்பட்டினம்!"

நசீர் மைக்கை வாங்கிக்கொண்டான். பிறகு சொன்னான்:

"அப்போ நேர்ல வா மச்சான், இது வெளியூர் பசங்க கிளாஸு."