காப்பியில் கலந்த விளக்கெண்ணெய்

தலைப்பிரசவத்துக்கு என் மகள் அருவங்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசி ஸ்கேனில் குழந்தையின் தலை கீழே திரும்பாமல் மேலேயே இருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன் பற்றி முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். எனக்கோ மழைக் கவலை. மண் சரிந்து ரோடு அடைபடுவதற்குள் வலி வந்துவிடட்டும் என்று, சனிக்கிழமை காலையில் விளக்கெண்ணெயைக் காப்பியில் கலந்து நீட்டினேன்.

"வேண்டாம்ப்பா, கொமட்டுது."

"உங்கம்மாவும் இதத்தான் குடிச்சா. கண்ண மூடிட்டு குடி சாமி."

மதியம் பனிக்குடம் உடைந்தது. குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எட்டு முறை வலியில் துடித்தாள், எண்ணிக்கொண்டே போனேன்.

"ஏதாச்சும் குடிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க" என்று மகள் எனக்காகப் பொய் சொன்னாள்.

"நாந்தானுங்க விளக்கெண்ணெய் குடுத்தேன்" என்றேன்.

"தலை மேல இருக்கறப்ப பனிக்குடம் உடைஞ்சா, தொப்புள்கொடி முன்னால நழுவி குழந்தை உசுருக்கே ஆபத்துங்க. வலி வர வெக்க நாங்களே பயப்படுவோம். நீங்க காப்பில கலக்கறீங்க!"

உடனே ஆபரேஷன் செய்தார்கள். மகளும் பேத்தியும் நலம். வலி எண்ணெயால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இப்போது பேத்தி வீறிட்டு அழும்போது, ஓமத்தண்ணீர் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டு மகளிடம் கொடுக்கிறேன்.