எலிப்பொறிச் சுவர்

கண்ணுக்குள்ளேயே தூக்குக்குண்டு வைத்திருக்கிறவள் என்று கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் ஆனந்தபாய்க்குப் பெயர். சுவருக்குப் பக்கத்தில் போகக்கூட வேண்டாம். பத்தடி தள்ளி, தலையில் சாந்துச்சட்டியோடு நின்றபடியே, "மேல ஒரு விரக்கடை வெளிய தள்ளியிருக்கு" என்பாள். சுவரைக் கட்டிக்கொண்டிருக்கும் கொத்தன் நேசையன், அவளுடைய கணவன், முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்குக்குண்டை இறக்கிப் பார்ப்பான். விரற்கடை தள்ளித்தான் இருக்கும்.

"செரி செரி. நீ சாந்து கொண்டா" என்பான்.

பதினாறு வருஷம் அவள் சாந்து கொண்டுவந்தாள். கல்யாணமான மறுமாதமே அவனோடு கையாளாக வேலைக்கு இறங்கியவள். பாறசாலைக்கும் பெருங்கடவிளைக்கும் நடுவில் நேசையன் கட்டிய வீடுகளின் செங்கல்லெல்லாம் அவள் தலை வழியாக ஏறியவைதான். ஆனால் கொத்துக்கரண்டியை அவள் கையில் யாரும் கொடுத்ததில்லை. கேட்கலாம் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் பெருங்கடவிளையில் பெண்களுக்குக் கொத்தவேலைப் பயிற்சி என்று ஒரு அறிவிப்பு வந்தது. மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அதை வாசித்தார்கள். ஆனந்தபாய் வீட்டுக்கு வந்து மீனைக் கழுவிக்கொண்டே, "நான் போறேன்" என்றாள்.

நேசையன் சிரித்தான். "பெண்ணுங்க கெட்டுன சுவரு கொஞ்சிக்கொஞ்சி நிக்கும்."

"நீங்க கெட்டுனது சாஞ்சு நிக்கலியா? அதுபோல இதும் நிக்கட்டும்."

அவள் போனாள். பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்த இன்ஜினியர் ரேஷ்மிக்கு இருபத்துநாலு வயதுதான் இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள், சுடிதார் முழுக்கச் சிமெண்டாகத் திரும்புவாள். முதல் வாரம் அவள் ஒரு சுவரைக் கட்டிக் காட்டினாள். செங்கல்லைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிமிர்த்தி வைத்தாள். அப்படி இரண்டு வரிசை, நடுவே மூன்று அங்குலம் இடைவெளி. இரண்டையும் பிடித்துக்கொள்ள இடையிடையே ஒரு குறுக்குக் கல். பார்வைக்குச் சாதாரண ஒன்பது அங்குலச் சுவர்தான். உள்ளே மட்டும் பெட்டி பெட்டியாக வெற்றிடம். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர் சொன்னாள்.

"நடுவுல என்ன போடணும் மோளே?" என்று ஆனந்தபாய் கேட்டாள்.

"ஒண்ணும் போடண்டா அக்கா. வெறும் காத்து."

"காத்தா?"

"காத்துதான். கல்லு நாலுல ஒண்ணு மிச்சம். சாந்து பாதி போரும். வெயிலோட சூடும் உள்ள வராது."

ஆனந்தபாய் நம்பவில்லை. இரண்டு நாள் கழித்து உச்சி வெயிலில் அந்தச் சுவரின் வெளிப்பக்கம் கையை வைத்தாள், சுட்டது. ஓடிப்போய் உள்பக்கம் கையை வைத்தாள். ஆற்றிலிருந்து எடுத்த கல் மாதிரி இருந்தது. அப்படியே கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். பிறகு மற்றப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எம்மா! அப்போ இந்தப் பதினாறு வருஷமும் நாலுல ஒரு கல்லை நான் சும்மாவா சுமந்தேன்?"

பயிற்சி முடிந்து கரண்டியோடு வந்தாள். வேலைதான் வரவில்லை. "நேசையனை வரச்சொல்லு, நீ கூட வா" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு மாதம் அவள் மறுபடியும் சட்டி சுமந்தாள். ஆனால் பழைய மாதிரி முடியவில்லை. ஒவ்வொரு கல்லையும் நேசையன் படுக்க வைக்கும்போது, அதை எழுப்பி நிறுத்த வேண்டும்போல் அவள் விரல்கள் துறுதுறுத்தன.

அடுத்த ஜூனில், இடவப்பாதி மழையில் ஸ்ரீகுமாரியின் ஓலைக்கூரை காற்றோடு போயிற்று. ஸ்ரீகுமாரி அங்கன்வாடியில் கஞ்சி வைக்கிறவள்; புருஷனும் இரண்டு பெண்பிள்ளைகளும் உண்டு. வீடு கட்ட அரசு உதவி கிடைத்து, முற்றத்தில் செங்கல்லும் வந்து இறங்கியது. ஆனால் சாயாக்கடையும் வைத்து ஒப்பந்த வேலையும் எடுக்கிற ஜெயசிங் வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கல்லுக்கு ஒரு முறியும் அடுக்களையும்தான் வரும். மேல ஷீட்டு போட்டாப் போரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்ரீகுமாரிக்கு முகம் தொங்கிப்போனது. வளர்ந்த இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே அறையில் எப்படிக் கிடப்பது?

கஞ்சிப் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்த ஆனந்தபாய் அந்தச் செங்கல் குவியலை ஒரு சுற்று சுற்றி வந்தாள். வாய்க்குள்ளே எண்ணினாள். "ரெண்டு முறி, அடுக்களை, ஒரு வராந்தா. மேல கான்கிரீட்டு வார்ப்பு. ஷீட்டு வேண்டாம்" என்றாள்.

"அக்கா, கேலி பண்ணிக் களியாக்காதீங்க."

"களியாக்கல. இந்தக் கல்லுக்கு வரும்."

"ஆரு கெட்டுவா?"

அதுவரை ஆனந்தபாய் அதைப்பற்றி நினைத்திருக்கவில்லை. வாய் தானாகவே சொல்லிவிட்டது. "நானாக்கும்."

கூடப் பயிற்சி எடுத்த புஷ்பபாயையும் விமலகுமாரியையும் அவள் கூப்பிட்டாள். இருவரும் அன்றே பஸ் ஏறி வந்தார்கள். நேசையனுக்குத்தான் அது தாங்கவில்லை. அவனுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. வலதுகை போனவனைப்போல் ஆகிவிட்டான்.

"அப்போ எனக்குக் கையாளு ஆரு?"

"வேற ஆளைப் பாருங்க."

அதன்பிறகு நாலு நாள் அவன் அவளோடு பேசவில்லை. வீட்டில் ஒரு வெள்ளாடு இருந்தது. அதனிடம் பேசினான். "கேட்டியா, சோறு போடச் சொல்லு" என்பான். "கொழம்புல உப்பு இல்லேண்ணு சொல்லு." ஆனந்தபாயும் ஆட்டிடமே, "உப்பு ஒறியிலே இருக்குண்ணு சொல்லு" என்பாள். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுக்கொண்டு ஆடு பலாவிலையைத் தின்றது.

சுவர் முழங்காலளவு வந்ததும் ஊர் வேடிக்கை பார்க்க வந்தது. மேலிருந்து பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாகத் தெரியுமில்லையா, அதுவே போதுமாக இருந்தது. ஜெயசிங் சாயாக்கடையை விட்டுவிட்டு வந்து வேலிக்கு வெளியே நின்றான். "என்ன ஆனந்தபாய், எலிக்கி அரமனை கெட்டுதியளோ?"

"ஓ. வாடகை தாற எலியை மட்டும் சேப்பேன். உம்ம கடையில உள்ளதுகளை வேண்டாம்."

வேலியோரம் சிரிப்பு எழுந்தது. ஜெயசிங்கும் சேர்ந்து சிரித்தான், ஆனால் போகவில்லை.

ஐந்தாம் நாள் தெற்கு மூலையில் நெஞ்சளவு சுவர் எழும்பியிருந்தது. ஆனந்தபாய் தண்ணீர் குடிக்க விலகி நின்றவள், செம்பை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே சுவரைப் பார்த்தாள். கண் உறுத்தியது. தூக்குக்குண்டை இறக்கினாள். அரை விரற்கடை. புஷ்பபாய், "அக்கா, பூச்சுல சரியாக்கிடலாம்" என்றாள். "இதுக்குப் பூச்சே கிடையாதே மக்கா, கல்லு அப்படியே தெரியணும்" என்று சொல்லிவிட்டு, ஆனந்தபாய் கரண்டியின் பிடியால் தட்டித் தட்டி, வேலியோரம் நின்ற அத்தனை பேரும் பார்க்க, நாலு வரிசையைக் கலைத்தாள். கூட்டத்தில் யாரோ கேலியாகக் கூவினார்கள். அவளுக்குக் காது இரண்டும் சுட்டன. கைமட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் எடுத்து, சாந்தைத் துடைத்து, மறுபடியும் வைத்தாள்.

ரோட்டில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நேசையன் இதைப் பார்த்துவிட்டான். இருபத்தைந்து வருஷத் தொழிலில் அவன் கோணலைப் பூச்சுக்குள் மறைத்ததுண்டு. நாலுபேர் பார்க்கத் தன் சுவரைத் தானே பிரித்ததில்லை.

சாயங்காலம் ஆனந்தபாய் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் கட்டன்சாயா கொதித்துக்கொண்டிருந்தது. நேசையன் அதை டம்ளரில் ஊற்றி அவளிடம் நீட்டினான். ஆட்டைப் பார்க்கவில்லை.

"அந்தக் குறுக்குக் கல்லு எத்தனை கல்லுக்கு ஒண்ணு வரும்?" என்று கேட்டான்.

ஆனந்தபாய் உட்கார்ந்த இடத்திலேயே விரலால் மண்ணில் வரைந்து காட்டினாள். மறுநாள் காலையில் அவன் "சும்மா பாக்க வாறேன்" என்று கூட வந்தான். பத்து மணிவரை சும்மா பார்த்தான். பத்தரைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்குச் சுவருக்குப் போனான். அவன் கை வேகம். ஒரு கல்லை மறந்துபோய்ப் படுக்க வைத்தபோது, மூன்று பெண்களும் ஒரே குரலில், "எழுப்புங்க, எழுப்புங்க!" என்று கத்தினார்கள்.

சுவர் முடிந்ததும் கூரை. கான்கிரீட்டின் கீழ்ப்பாதி எந்தப் பாரமும் தாங்காமல் சும்மா கிடக்கிறது, அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் எடையும் குறையும் என்று ரேஷ்மி சொல்லிக்கொடுத்திருந்தாள். பழைய ஓட்டுக்கு எங்கே போவது? மிஷன் கோயிலின் கூரையை மாற்றியபோது இறக்கிய ஓடுகள் பின்பக்கம் பாசி பிடித்துக் கிடந்தன. ஆனந்தபாய் கேட்டாள், சபையில் ஒருவரும் மறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கோயிலிலிருந்து ஸ்ரீகுமாரி வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி ஓடுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளின் அம்மாக்கள் பாதி வரிசை, சபைக்காரர்கள் பாதி வரிசை. பாசியைத் தேய்த்துக் கழுவியதும் ஓடு புதுச் சிவப்பாகிவிட்டது.

வார்ப்புக்கு முதல்நாள் ரேஷ்மி வந்து கம்பியெல்லாம் பார்த்தாள். கம்பிக் கட்டங்களுக்கு நடுவே ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்திருந்த அழகைப் பார்த்துவிட்டு, "இது என்னாலே இவ்வளவு நேரா வைக்க முடியாது அக்கா" என்றாள். மறுநாள் வார்ப்பு நடந்தது. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். காக்கைகள் வந்து குளித்தன. அந்த இரண்டு வாரமும் ஊரில் வேறு பேச்சே இல்லை. ஓட்டைச் சுவர், அதற்குமேல் ஓட்டுக் கான்கிரீட். கீழே முட்டுக் கொடுத்திருந்த பலகைத் தட்டைப் பிரித்ததும் எல்லாம் கீழே வரும் என்று ஜெயசிங் கடையில் உட்கார்ந்து ஆளாளுக்குச் சொன்னார்கள். "விழாம நிண்ணா அண்ணைக்கு முழுக்க எல்லாருக்கும் என் வக சாயா" என்று ஜெயசிங் வாய்விட்டுவிட்டான்.

தட்டைப் பிரிக்கும் நாள் ஞாயிறு மதியம் என்று வைத்திருந்தார்கள். திருவிழாக் கூட்டம். ஆனந்தபாய் எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். கணக்கெல்லாம் சரி, கம்பியெல்லாம் சரி. இருந்தாலும் தலைக்குமேல் இருப்பது காகிதத்தில் வரைந்த படம் இல்லையே. முதல் முட்டுக்கம்பில் கைவைத்தபோது பின்னால் நிழல் தட்டியது. நேசையன்.

"வெளிய போங்க."

"நீ போ, நான் எடுக்கேன்."

"நான் கெட்டுனதாக்கும். நான்தான் எடுப்பேன்."

"அப்போ ரெண்டு பேரும் எடுப்போம்" என்று அவன் அடுத்த கம்பைப் பிடித்தான்.

ஒவ்வொரு கம்பாகத் தட்டி எடுத்தார்கள். கடைசிக் கம்பு விழுந்தபோது கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பலகைகள் ஒவ்வொன்றாக இறங்கின. தூசி அடங்கியது. ஆனந்தபாய் அண்ணாந்து பார்த்தாள். சாம்பல்நிறக் கட்டங்களுக்குள்ளே சிவப்புச் சிவப்பாக ஓடுகள், ஒரு மயிரிழைகூட விலகாமல், கோலம் போட்டதுபோல. ஸ்ரீகுமாரிதான் முதலில் உள்ளே ஓடிவந்தாள். அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள், அப்படியே அழுதாள், மறுபடியும் சிரித்தாள். "அக்கா, இது வீடா, பாய் விரிச்ச ஆகாசமா?" என்று ஆனந்தபாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நிக்கும், ஆனா ஆளு ஏறினா நிக்குமா?" என்று வெளியே ஒரு குரல் கேட்டது. விமலகுமாரி ஏணியைச் சாத்தினாள். முதலில் பெண்கள் ஏறினார்கள், பிறகு சபைக்காரர்கள், பிறகு அங்கன்வாடிப் பிள்ளைகள். எண்ணிப்பார்த்தால் முப்பத்தொரு பேர். கடைசியில் ஜெயசிங்கும் ஏறினான். நடுவே நின்று, சந்தேகத்தோடு ஒருமுறை குதித்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குதித்தான். பிறகு அங்கிருந்தபடியே தன் கடையைப் பார்த்து, "எலே, பெரிய செம்புல சாயா போடு!" என்று கத்தினான். அன்று பொழுது சாயும்வரை அந்தக் கடையில் சாயாக் காசுக்கு யாரும் கையை மடியில் விடவில்லை.

ஸ்ரீகுமாரி வீடு குடிவந்த கும்பமாசத்தில், வெயில் கொளுத்திய உச்சிவேளையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் அவள் வராந்தாவில்தான் கிடந்தார்கள். சன்னலுக்குப் பதிலாகக் கல் விட்டுக் கல் வைத்துக் கட்டிய வலைச்சுவர் வழியாகக் காற்று சீட்டியடித்தது. பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், கேட்டவர்கள் கூப்பிட்டார்கள். அடுத்த மூன்று வருஷத்தில் ஆனந்தபாயின் கூட்டம் எல்லைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளை வரை பதினான்கு வீடு கட்டியது. அந்த வீடுகளில் வடக்குச் சுவர் எப்போதும் நேசையனுடையதுதான்.

தொண்ணூற்றெட்டில் ஒருநாள், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற கிருஷ்ணன்குட்டி அவளைத் தேடி வந்தார். வீடு எப்படி வேண்டும் என்று கேட்டபோது கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"எனக்கு ஒரு முறி வட்டத்துல வேணும்."

"வட்டத்துலயா சாரே? எதுக்கு?"

"முப்பது வருஷம் பஸ்ஸுல நீளத்துல நடந்தாச்சு, முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும். இனி வட்டத்துல நடக்கணும்."

ஆனந்தபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வட்டச் சுவரை அவள் கட்டியதே இல்லை. இருந்தாலும் ஒரு குச்சியும் கயிறும் எடுத்துக்கொண்டு அவரோடு போனாள். மண்ணில் குச்சியை நட்டு, கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, பெரிய வட்டம் ஒன்று கீறினாள். கிருஷ்ணன்குட்டி உடனே செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள்ளே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மூன்றாவது சுற்றில் அவர் மனைவியும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டாள்.

"இன்னும் ஒரு முழம் பெருசு வேணும்" என்றாள் ஆனந்தபாய், கயிற்றை நீட்டிக்கொண்டே.