மூன்றாவது பெயர்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் வேதக்காரப் பெண்களும் அப்படித்தான். மாதா கோயிலுக்குப் போனால் மட்டும் பழக்கம் மாறிவிடுமா என்ன? "ஏங்க" என்றால் திரும்பிப் பார்ப்பார். பென்னாகரம் சந்தைக் கூட்டத்தில்கூட என் "ஏங்க"வுக்கு அவர் ஒருவர்தான் திரும்புவார்.

வம்பு என்னவென்றால், இயேசுவை வளர்த்த தச்சரின் பெயரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் இல்லாமல் எங்களுக்குச் செபமே கிடையாது. விளக்கு வைத்ததும் செபம் சொல்லி முடிக்கும்போது "சேசு, மரி" என்று அந்த மூன்றாவது பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். கயிற்றுக் கட்டிலில் கிடக்கிற மனுஷன் தன் பெயரைத் தானே சொல்லி முடிப்பார்.

"என்னையக் கூப்புடறதுக்கு உனக்கு என்ன கேடு புள்ள?"

"சும்மா கெடங்க, சாமி கும்புடற நேரத்துல" என்பேன்.

அறுபதுகளில் மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர், "வூட்டுக்காரர் பேரு என்னங்க?" என்று கேட்டார். நான் சுவரில் மாட்டியிருந்த தச்சர் படத்தைக் காட்டினேன். அவருக்கு எங்கள் சாமியெல்லாம் எங்கே தெரியும்? படத்தில் உளியைப் பார்த்துவிட்டு, வெளிச்சுவரில் காவிக்கட்டியால் "ஆசாரி வீடு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். காட்டு வேலை முடிந்து வந்த இவர் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு பேரச் சொல்ல மாட்டாம நம்ம வூட்ட ஆசாரி வூடு ஆக்கிட்டியே!" மழை வந்து கரைக்கும்வரை அதை அழிக்கவே விடவில்லை.

அதற்குப் பத்து வருஷம் கழித்து அவருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். மாதா கோயில் சாமியார் வந்து, சாகப்போகிறவருக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். மறுநாள் பட்டப்பகலில் கண் செருகியது. பக்கத்து வீட்டுப் பெண் என் தோளைத் தட்டினாள்.

"ஆயா, காதுல செபம் சொல்லுங்க. நீங்கதான் சொல்லணும்."

சாகிறவர் காதில் அந்த மூன்று பெயர்களையும் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். குனிந்தேன். "சேசு, மரி" என்றேன். பாழாய்ப்போன பழக்கம், அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் உதடு அசைந்தது. எனக்காகத் தன் பெயரைத் தானே சொல்லப் பார்க்கிறார்! சத்தம் வரவில்லை. மறுபடியும் சொல்லப் பார்த்தார். ஐயோ, இந்த நேரத்திலுமா இவரைச் சொல்ல வைப்பேன்? விட்டால் செபம் பாதியிலல்லவா நின்றுபோகும்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னேன். அந்த வீடே கேட்கும்படி சொன்னேன்.

"ம்" என்றார்.

காட்டில் கூப்பிட்டால் ஏர் பிடித்தபடியே சொல்வாரே, அதே "ம்". அதற்குப் பிறகு பேச்சில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றது.

மகன் சேலத்துக்கு அழைத்துப்போனான். அங்கே இருப்புக் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன். இங்கே மட்டும் என்ன கொட்டியா கிடக்கிறது? ஒரு ஆளுக்கு ராகிக் களி கிண்டினால் அடிப்பிடித்துப் போகிறது. நன்றாக இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. கட்டிலைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். விளக்கு வைத்துச் செபம் சொல்லி, பழையபடி இரண்டோடு நிறுத்துகிறேன். வீடு சத்தமில்லாமல் கம்மென்று இருக்கிறது. தாங்க முடியவில்லைதான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள். "இன்னும் என்ன ஆயா? தாத்தாதான் போயிட்டாரே. இனிமே பேரச் சொன்னா யாரு கேக்கப் போறாங்க?"

"அதுதாண்டி பயம்" என்றேன். "கூப்புட்டு, 'ம்'னு சத்தம் வரலேன்னா?"